அம்மாவின் ஸோனி

என் அம்மாவின் மொழியில் இடுப்பில் கட்டும் பட்டிக்கு ஸோனி என்று பெயர். முதல் எழுத்தைச் சொல்லும்போது பல்லுக்குப் பின்னால் வண்டு இரைவது போல ஒரு சத்தம் வரவேண்டும். எங்கள் ஊரில் யாருக்கும் அந்தச் சத்தம் வராது. அவர்கள் வாயில் அது சோனி ஆகிவிடும். சோனி என்றால் யாரைச் சொல்வது என்று மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முஸ்லிம் ஆட்களை, அவர்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் ஆட்கள் சொல்கிற சொல். மரியாதையான சொல் இல்லை.

இந்தச் சொல்லால் ஒரு மனிதரின் கை முறிந்தது. கதையைக் கேட்கிறவர்கள், "ஐயோ, பாசை விளங்காமல் நடந்த பிழை" என்று உச்சுக்கொட்டுவார்கள். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்படி நினைத்தே பாதி ஆளாகிப்போனார்.

அம்மா கிரேக்க நாட்டின் தீவொன்றில் பிறந்தவர். அப்பா கப்பல் வேலைக்குப் போன இடத்தில் அவரைக் கண்டு கல்யாணம் முடித்தார். நான் அங்கேதான் பிறந்தேன். பிறகு அந்த நாடே நொடித்துப்போய், அப்பாவுக்கும் வேலையில்லை, அம்மாவுக்கும் வேலையில்லை என்று ஆனது. இங்கே இருந்த சனமெல்லாம் எப்படியாவது ஐரோப்பாவுக்கு ஓடிவிட வழி தேடிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் அங்கிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வந்து இறங்கியது அப்பாவின் அக்கா வீட்டில், அதாவது மாமி வீட்டில். காத்தான்குடியும் ஆரையம்பதியும் தாண்டித் தெற்கே போனால் வாவிப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு அது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டில் வந்து குந்திய ஆம்பிளையை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

அம்மாவுக்கு இது புதுமை இல்லை என்பதுதான் பகிடி. அவருடைய தீவிலும் வீடு பெண்ணுக்குத்தான். ஆனால் அங்கே மூத்த மகளுக்கு மட்டும். வீடு, நிலம், நகை எல்லாம் மூத்தவளுக்குப் போக, இளையவர்கள் அவளுடைய அடுப்படியில் கிடந்து உழைக்கவேண்டும். அம்மா மூன்றாவது மகள். அப்பாவோடு புறப்பட்ட அன்று அவருடைய தாய், மூத்தவளுக்குத் தெரியாமல், ஸோனியை மட்டும் ஒரு துவாயில் சுற்றிக் கையில் திணித்திருக்கிறார். வீடில்லாத பெண் என்றால் என்ன என்று தெரியாமல் அம்மா இங்கே வரவில்லை.

மாமியை 'அவர்' என்றுதான் நான் எழுதவேண்டும். வயதில் மூத்தவள், அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். கை வரவில்லை, விடுங்கள்.

வந்த முதல் கிழமையே மாமி எங்களை வைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நான் அம்மாவை அதுவரை கூப்பிட்டது மாமா என்று. அந்தப் பாசையில் தாய்க்கு அதுதான் சொல். மாமிக்கு அது விளங்கிய அன்று அயல் பொம்பிளைகளையெல்லாம் வேலியோரம் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்து கேளுங்ககா. தாயப் பாத்து மாமா எண்டுது இந்தப் புள்ள. அப்ப தகப்பன என்ன, சித்தியெண்டா கூப்பிடும்?"

என்னை நடுவில் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அவர்களுக்கு அது இன்னும் சிரிப்பாக இருந்தது. அந்தக் கிழமை முடியும் முன்பே நான் அம்மா என்று மாற்றிக்கொண்டேன்.  கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அம்மா கொஞ்ச நாள் சுணங்கினார்.

இவ்வளவுக்குப் பிறகும் மாமியோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்தார். ஒரு நாள் பெட்டியைத் திறந்து ஸோனியை எடுத்து மாமியின் மடியில் வைத்தார். கொட்டங்காய், அதாவது வாதாங்கொட்டை வடிவத்தில் இரண்டு வெள்ளித் தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. நடுவில் ஒன்றையொன்று பிடிக்கும் கொக்கி. தகடு முழுக்க நூல்போன்ற கம்பி வேலை, இடையிடையே சிவப்புக் கற்கள். தகடுகளை இணைக்கும் துணிப்பட்டி மக்கி, தொட்டால் கையோடு வந்தது. அம்மாவின் தாய், அவருடைய தாய், அவருக்கும் தாய் என்று எல்லோரும் கல்யாணத்தன்று இடுப்பில் கட்டியது.

மாமி அதைக் கையில் வைத்து ஒருமுறை நிறுத்துப் பார்த்தாள். "வெள்ளியா?" என்றாள். எங்களில் வெள்ளி காலுக்கு மட்டும்தான். இடுப்புக்கும் அதற்கு மேலேயும் பவுண் போடுவார்கள். "இடுப்பில வெள்ளியக் கட்டுற சாதி என்ன சாதிகா?" என்று சிரித்துவிட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டாள். அம்மா பெருமையாகச் சொன்னார்.  மாமி மடியிலிருந்த ஸோனி கீழே விழச் சிரித்துக்கொண்டு எழும்பி வேலிக்கு ஓடினாள்.

"அடியேய், இந்த வெள்ளச்சி சோனிய இடுப்பில கட்டிக்கொண்டுதான் கல்யாணம் முடிச்சவவாம்!"

அந்தப் பகிடி ஊர் முழுக்கப் போனது. கிணற்றடிக்குப் போனது, தோணித்துறைக்குப் போனது, சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்குப் போனது. அம்மா கடைக்குப் போகும்போது அங்கே குந்தியிருக்கும் ஆம்பிளைகள், "அக்கா, சோனி எங்க?" என்று கேட்பார்கள். யாரோ தன் பொருளைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்து அம்மா நின்று பதில் சொல்லுவார். "வீட்ட இருக்கு. பெட்டிக்குள்ள." அதற்கு அவர்கள் மேசையில் அடித்துச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சிரிப்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்பா ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். நாங்கள் மாமியின் வீட்டில் நின்றோம். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை, அவளுடைய புருசன் எப்போதோ வேறு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவளுக்கு மகள் இருந்தால் அந்த வீடு மகளுக்குப் போயிருக்கும். எங்களில் குடி என்கிற குலப்பிரிவும் தாய் வழியாகத்தான் வரும். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. அப்படிப் பார்த்தால் மாமியோடு அவளுடைய தாய்வழி முடிந்தது. எனக்கோ தொடங்கவே இல்லை, ஏனென்றால் அம்மாவுக்கு இங்கே குடி இல்லை. கோயிலில் யாராவது என்னைப் பார்த்து, "இவ என்ன குடி?" என்று கேட்டால், மாமி முந்திக்கொண்டு, "கப்பல்குடி" என்பாள். பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதுவே பட்டப்பெயர் ஆனது.

அழுதுகொண்டு போய் அம்மாவிடம் கேட்டேன், எங்களுக்கு ஏன் குடி இல்லை என்று. அம்மாவின் பாசையில் விளக்கிச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, ஸோனியை எடுத்து என் இடுப்பில் வைத்துப் பார்த்தார். எனக்கு அது பெரிது, நழுவியது. "இதுதான் உன் குடி," என்றார். "நீ பெரிய பிள்ளையாகும்போது உனக்குக் கட்டிவிடுவேன். எல்லோரும் பார்க்கட்டும்."

எனக்குப் பன்னிரண்டு வயதில் அது வந்தது. மாமி நாள் பார்த்துச் சாமத்திய வீட்டுக்கு ஊருக்கெல்லாம் சொன்னாள். தண்ணி வார்ப்பதும் சீர் வைப்பதும் மாமியின் உரிமை. தாய்மாமன் வந்து நிற்கவேண்டிய இடத்தில் எனக்கு யாருமில்லை. தாயின் பக்கத்திலிருந்து வரப்போவது ஸோனி ஒன்றுதான். அம்மா அதை மாமியிடம் சொன்னபோது மாமி உதட்டைச் சுளித்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

மக்கிய பட்டிக்குப் பதிலாகப் புதுத் துணி வேண்டியிருந்தது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வருகிற ஒருவர் இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பது இங்கே வழக்கம், எல்லோருக்கும் அவர் துணிக்காக்கா. அளவுகோல் வைத்திருக்கமாட்டார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை துணியைப் பிடித்து முழம் போடுவார், போட்டபின் கையளவு துணி இனாமாக விடுவார். அம்மா சிவப்பு வெல்வெட் கேட்டார், என்ன தேவைக்கு என்று அவர் விசாரித்தார். அம்மா தகடுகளைக் கொண்டுவந்து காட்டினார்.

"மாஷா அல்லாஹ்," என்றார். "இதுக்கு என்ன பேர் தங்கச்சி?"

"ஸோனி."

அவர் சிரிக்கவில்லை. "ஸோனி," என்று திருப்பிச் சொன்னார். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு, அந்த முதல் எழுத்து அச்சொட்டாக வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை ஒருவர் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. "எங்களுக்கும் இஞ்சால அதான் பேர் தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அப்போதுதான் காக்கா கொஞ்சம் சிரித்தார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வெல்வெட்டை வெட்டிக் கொடுத்துவிட்டு, தடித்த நூலும் ஊசியும் நாளைக்குக் கொண்டுவாறன் என்று போனார்.

மாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் பெட்டிக்குள் வெல்வெட் இருந்தது, தகடுகள் இல்லை. அம்மா பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். பாயை உதறினார். பிறகு தலைமயிர் விரிந்தபடி ஒழுங்கைக்கு ஓடினார். பயத்தில் அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் குழம்பிப்போனது. "ஸோனி! என்ட ஸோனி! எடுத்த! ஸோனி எடுத்த!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து, சொன்ன சொல் தவறாமல், நூலையும் ஊசியையும் கொண்டு காக்கா ஒழுங்கைக்குள் மோட்டார்சைக்கிளைத் திருப்பினார்.

சந்தியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "சோனி எடுத்திட்டானாம்" என்று ஒருவன் கத்தினான். காக்காவை இழுத்து விழுத்தினார்கள். ஒருவன் அம்மாவிடம் கேட்டான், "இவன்தானே எடுத்த?"

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம், அம்மாவின் பாசையில் இல்லை என்பதற்கு ஓஹி என்று சொல்வார்கள். சொல்லும்போது தலையை ஆட்டமாட்டார்கள், நாடியை மேலே உயர்த்துவார்கள். அம்மா அப்படித்தான் நாடியை உயர்த்தி, "ஓஹி! ஓஹி!" என்று கத்தினார்.

"ஓமாம்! ஓமெண்டுதான் சொல்றா!"

நான் நடுவில் ஓடிப்போய், "ஸோனி எண்டா இடுப்புப்பட்டி! அவர் எடுக்கல்ல! அம்மா இல்லையெண்டுதான் சொல்றா!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மாமி பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தி இழுத்தாள். "பெரிய புள்ளையான குமர் ஆம்பிளையளுக்குள்ள வந்து நிண்டு கத்துறதா?" என்றாள். அவளுடைய உள்ளங்கையில் மஞ்சள் மணத்தது. சாமத்திய வீட்டுக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தவள்.

தோணியைத் தாங்கித் தள்ளுகிற கம்பால் அடித்தார்கள். அவர் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார், முழம் போடுகிற அந்தக் கையைத்தான் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்டது. அம்மா அவர்மேல் விழுந்து மறித்தார். அம்மாவையும் மயிரைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினார்கள். பிறகு மூட்டையை அவிழ்த்துத் துணிகளை வாவிக்குள் எறிந்தார்கள். சீத்தைத் துணி, வொயில் சேலை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைத் துணி எல்லாம் விரிந்து மிதந்தன. பொம்பிளைகள் பிறகு அதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்க் காயப்போட்டார்கள்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசிப் பிரச்சினையை முடித்தார்கள். முடித்தார்கள் என்றால், காக்கா இனி எங்கள் ஊருக்கு வருவதில்லை என்று முடித்தார்கள். ஸோனி கிடைக்கவில்லை. அப்பா போனில், "சின்ன விசயத்தப் பெரிசாக்காதீங்க, அக்கா நமக்கு இருக்க இடம் தந்திருக்கா," என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் ஸோனி என்ற சொல்லையே விட்டுவிட்டார். என்னோடு பேசும்போதும், "அந்தச் சாமான்" என்பார். என் வாயால்தான் அந்த மனிசனின் கை போனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்படி இல்லை என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டார்.

சாமத்திய வீடு குறித்த நாளில் நடந்தது. என் இடுப்பில் ஒன்றுமில்லை. மாமி எல்லோருக்கும் முன்னால் எனக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு சீர் வைத்தாள். பாரமான, நல்ல வேலை. "தாய்ப் பக்கத்தால ஒண்டுமில்ல, நானாவது செய்யத்தானே வேணும்," என்று சபைக்குச் சொன்னாள். அம்மா குனிந்திருந்து என் கால்களில் கொலுசைப் பூட்டினார். பிறகு மாமியின் கையைப் பிடித்துத் தங்கள் ஊர் வழக்கப்படி முத்தமிட்டார். "நன்றி மச்சாள்," என்றார். மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கொலுசை நான் ஏழு வருடம் போட்டேன். மாமி வெள்ளிக்கிழமைகளில் ஒரு புது வெள்ளிச் சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து அம்மாவின் நெற்றியில் தானே வைத்துவிடுவாள். ஊர் அதைப் பார்த்து, என்ன இருந்தாலும் மச்சாளைத் தாங்குகிறாளே என்றது. அம்மாவும் அப்படித்தான் நம்பினார். அப்பாவுக்கு நாங்கள் சொல்லவேண்டிய நன்றியெல்லாம் மாமிக்கே போனது.

பத்தொன்பது வயதில் எனக்குக் கல்லடிப் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே இரண்டு அறை கொண்ட வீடொன்றை வாடகைக்குப் பேசினேன். போகிறோம் என்று சொன்னதும் மாமி மூன்று நாள் பேசவில்லை. புறப்படுகிற காலையில் மட்டும் வாசலை மறித்து நின்று வாய் திறந்தாள். வீடில்லாதவளுக்கு வீடு கொடுத்தேன், குடியில்லாததுக்குச் சீர் செய்தேன், நன்றி கெட்ட கூட்டம் என்றாள். அம்மாவுக்கு இப்போது தமிழ் நன்றாகவே விளங்கும். குனிந்து என் கால்களிலிருந்து கொலுசுகளைக் கழற்றினார். மாமியின் முன்னால் வைத்தார்.

"இது உங்கட, மச்சாள். நாங்க கொண்டுபோகல்ல."

மாமி அதைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வேலியோரம் பொம்பிளைகளைக் கூப்பிட்டுச் சிரித்த அதே சிரிப்பு.

"எடுத்துக்கொண்டு போகா. அது உன்ட சாமான்தான். வெள்ளிய இடுப்பில கட்டி எங்கட சபைக்கு முன்னால என்ட தம்பிட புள்ளைய நீ கொண்டு வந்து காட்டப் பாத்தாய். வெள்ளி எங்க கிடக்கவேணுமோ அங்க போட்டுவிட்டன். மிச்சத்திலதான் என்ட குங்குமச் சிமிழ். சிவப்புக் கல்லெல்லாம் வெறும் கண்ணாடியாம், தட்டார் எறிஞ்சுபோட்டார்."

எனக்கு என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. ஏதோ கத்தினேன். மாமியைக் கொல்லவேண்டும் போல இருந்தது, அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன். அம்மா கத்தவில்லை. கொலுசுகளைக் கையில் எடுத்து, ஒன்றின் கொக்கியை மற்றதன் வளையத்தில் மாட்டி, ஒன்றாக்கி, தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். எட்டவில்லை. முதுகுப் பக்கம் இரண்டு சாண் வெறுமையாக இருந்தது. 

புது வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் செய்த வேலை துணிக்காக்காவைத் தேடியதுதான். காத்தான்குடியில் விசாரித்து விசாரித்துப் போனோம். வீட்டு முன்னறையில் சின்னக் கடை வைத்து இனிப்பும் சவர்க்காரமும் விற்றுக்கொண்டிருந்தார். வலது கை முழங்கையில் மடிந்தபடியே நின்றது, நீட்ட ஏலாது. எங்களை அடையாளம் கண்டு, இருக்கச் சொல்லி, உள்ளே தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார். அம்மா கொலுசுகளையும், ஏழு வருடம் பெட்டியில் வைத்திருந்த சிவப்பு வெல்வெட்டையும் அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். நீங்கள் எடுக்கவில்லை, என் மச்சாள்தான் எடுத்தாள் என்று சொல்லி அழுதார்.

அவர் இடது கையால் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. இப்ப இப்படி வாறல்ல," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"நான் எடுக்கல்லண்டு எனக்குத் தெரியும்தானே தங்கச்சி. அத எனக்குச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்கட ஊருல போய்ச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். தேத்தண்ணியைக் குடிக்காமல் போகக்கூடாது என்றார். குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். மாமி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே சந்தித் தேத்தண்ணிக் கடைக்குள் போனார். அன்றைக்குக் கம்பெடுத்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள், கொஞ்சம் நரைத்து, கொஞ்சம் வயிறு வைத்து. அம்மா கொலுசுகளைத் தூக்கிக் காட்டினார். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பழகிய தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நான் அண்டைக்குக் கத்தினது என்ட இடுப்புப்பட்டிய. எங்கட பாசையில அதுக்கு அந்தப் பேர். அந்தத் துணிக்காக்கா எடுக்கல்ல. நீங்க பிழையா விளங்கி அவர அடிச்சிட்டீங்க. பட்டிய உருக்கித்தான் இந்தக் கொலுசு. என்ட மச்சாள்தான் எடுத்தவ."

ஒவ்வொருவராகக் கோப்பைக்குள் குனிந்தார்கள். அவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது மூலையில் வடை பிய்த்துக்கொண்டிருந்த ஒருவன், முதலில் கம்பெடுத்தவன் அவன்தான், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"பிழையா என்னத்த விளங்கின அக்கா? உங்கட சோனி இடுப்புப்பட்டியெண்டு எங்களுக்குத் தெரியாதா? ஊரே சொல்லிச் சிரிச்ச கதைதானே."

"அப்ப ஏன் அடிச்ச?" என்று அம்மா கேட்டார்.

"வந்து மாட்டினான், குடுத்தம்." வடையின் மற்றத் துண்டைச் சம்பலில் தோய்த்தான். "அதையெல்லாம் இப்ப ஏன் கிண்டுறீங்க? இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

யாரோ ஒருவன் மெல்லச் சிரித்தான். பழைய பகிடி அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். நாங்கள் குடிக்காமல் வெளியே வந்தோம்.

கல்லடிக்குப் போகிற பஸ்ஸில் யன்னலோரம் அம்மா இருந்தார். பஸ் ஆரையம்பதியைத் தாண்டியது. பிறகு தமிழில் கேட்டார்.

"அப்ப நான் அண்டைக்குக் கத்தாட்டியும் அடிச்சிருப்பாங்களா?"

"ஓம் அம்மா. இல்லாட்டி வேற ஒரு நாளைக்கு."

"காக்காவுக்கு இது தெரியுமா?"

"நமக்கு முதலே அவருக்குத் தெரியும். அதுதானே ஊரில போய்ச் சொல்லச் சொன்னவர்."

அம்மா மடியிலிருந்த கொலுசுகளைத் தடவினார். ஏழு வருடமாகத் தன் வாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர். வாயில் ஒரு குற்றமும் இருக்கவில்லை. அந்தச் சொல்லைச் சரியாகவே சொல்லியிருந்தார், எல்லோருக்கும் சரியாகவே கேட்டிருந்தது. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பஸ் காத்தான்குடிக்குள் நுழைந்து ஆட்களை ஏற்ற நின்றது. அம்மா யன்னலைப் பார்த்தபடி, தனக்குத்தானே, ஏழு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"ஸோனி."

முன் சீட்டில் வெள்ளைத் தொழுகைத் தொப்பி போட்டிருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான். அம்மா வாயை மூடிக்கொண்டார்.